சத்தம் வராத மானிட்டர்

மார்ச் 3, செவ்வாய்
இதய வார்டில் மத்தியானம் ஒருவர் இறந்துபோனார். பணியில் இருந்த நர்ஸ் என் அக்கா. மானிட்டர் அலறியும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் என்னைக் கண்டதும் கேன்டீனில் பேச்சு நின்றது.

மார்ச் 4
"அலாரம் அடிக்கவே இல்லடா. பக்கத்து பெட்டுக்கு ஊசி போட்டுட்டுத் திரும்புறேன், எல்லாம் முடிஞ்சிருச்சு."
"அலாரம் போனதா பதிவாகியிருக்கேக்கா. போன் கையில இருந்துச்சா?"
என் முகத்தையே பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
ஏன்டா கேட்டேன்?

மார்ச் 5
அக்கா இன்னும் சாப்பிடவில்லை.

மார்ச் 6
காலிக் கட்டில் ஒன்றில் படுத்து, மானிட்டர் வயர்களை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, வெடுக்கென்று பிடுங்கினேன். மேசைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், "செவப்பா மின்னுது சார். சத்தம் இல்ல" என்றார்.

அக்கா சொன்னது நிஜம்.

திங்கள் சாயங்காலம் ஒப்பந்தக் கம்பெனிக்காரர், மானிட்டர் அலாரங்களை அனுப்பும் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்திருக்கிறார். எங்கள் பழைய செட்டிங்ஸ் ஃபைல், அலாரத்தை மேசை ஸ்பீக்கருக்கு அனுப்பச் சொல்கிறது. அப்டேட்டோடு வந்த புதிய ஃபைல், மேசைத் திரைக்கு அனுப்பச் சொல்கிறது. அந்தத் திரையில் ஸ்பீக்கரே கிடையாது! இரண்டும் முரண்பட்டால், கடைசியாகப் படிக்கப்படுவதுதான் செல்லும். புதியது கடைசியில் நிற்கிறது. நாலு நாளாக அந்த வார்டே செவிடாக இருந்திருக்கிறது.

இரண்டு ஃபைலையும் நகல் எடுத்துக்கொண்டு, புதியதில் இருந்த அந்த வரியை நீக்கினேன். மறுபடி வயரைப் பிடுங்கியதும் மேசை ஸ்பீக்கர் அலறியது.

மார்ச் 9
மேலாளர் சொன்னார்: "அதான் சரி பண்ணிட்டல்ல? சத்தமில்லாம விட்டுடு. கம்பெனி கோர்ட்டு கேஸுன்னு இழுக்கும்."
"எங்கக்கா வேலை போயிடும் சார்."
"உன் வேலையையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு."
நகல்களை அக்காவை விசாரிக்கும் குழுவிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 18
அக்கா மேல் தவறில்லை என்று தீர்ப்பு. இறந்தவரின் மகன் வாசலில் நின்றிருந்தார். "அப்ப யாரத்தான் சார் கேக்குறது?" என்றார். என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 2
அக்கா திரும்ப அந்த வார்டுக்குப் போக மாட்டாளாம். வேறு ஊரில் வேலை. பஸ் ஸ்டாண்டில் பையை வாங்கப் போனேன்.
"வேணாம். நானே தூக்கிக்கிறேன்."
"நான்தானேக்கா கண்டுபிடிச்சேன்…"
"கண்டுபிடிச்ச. நான் சொன்னப்ப?"
ஏறி, ஜன்னலோரம் காலியாக இருந்தும் உள்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 12
அக்கா போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.
"அம்மாகிட்ட குடு" என்றாள்.