சின்னம் இல்லாத தேர்தல்

செஞ்சி,
புதன் இரவு.

அன்புள்ள அக்காவுக்கு, கொடி எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழியிடம் காட்டாதே. உனக்காக ஓட்டுக் கேட்டு விடுதி விடுதியாக அலைகிறவர்களிடம் காட்டவே காட்டாதே. அவர்கள் நல்லவர்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். நல்லவர்கள் என்பதால்தான் எனக்குப் பயம். எங்கள் வேட்பாளருக்கு வீட்டில் என்ன நடக்கிறது பாருங்கள் என்று அவர்களில் ஒருவர் மைக்கில் பேசினால் போதும், மறுநாளே அது யாருடைய போன் வழியாகவோ இங்கே வந்துவிடும். ஒரு படம் வந்ததற்கே வீடு இப்படி இருக்கிறது. படித்ததும் அழித்துவிடு. என் மேல் ஆணை.

நாளை பள்ளியில் இதை ரூபினாவிடம் கொடுப்பேன். அவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவள். அவள் அம்மாவின் போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். தெரியாத எண் என்று தள்ளிவிடாதே. அம்மாவின் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். டவர் இல்லை என்று நினைத்திருப்பாய்.

நான் நன்றாக இருக்கிறேன். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அதைச் சொல்லித்தான் உள் அறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தேர்தல் படம் ஒன்று இருக்கிறதே, ஆராய்ச்சி மாணவர் சங்கத்துக்குத் தலைவராக நீ, செயலாளராக ராகேஷ் அண்ணன், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது. கீழே உங்கள் அணியில் இருக்கிற மற்றவர்கள் சின்னச் சின்ன வட்டங்களில். எழுத்தெல்லாம் இந்தி. உன்னோடு பள்ளியில் படித்த நெடுமாறன் அண்ணன் அந்தப் பக்கம்தான் வேலையில் இருக்கிறாராம். அந்தப் படம் எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. பெருமை தாங்காமல், 'நம்ம ஊர்ப் பொண்ணு பூங்குழலிக்கு வாழ்த்துகள்' என்று எழுதி, பூங்கொத்துப் படமும் வைத்து, ஊர்க்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். எதற்கு வாழ்த்து என்று இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தனகோட்டி மாமாவின் கடையில் தினமும் என்ன அச்சாகிறது என்று உனக்குத் தெரியும். முகூர்த்தம் வந்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்க அவர் அடித்த பிளெக்ஸ்தான். மாப்பிள்ளை ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம், கீழே கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசையாக. அப்படிப்பட்டவர் கண்ணில் இந்தப் படம் பட்டால் என்ன ஆகும்? மாமா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 'மொழிதான் வேற. டிசைன் நம்ம டிசைன்தான்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் குழுவில் ஒருவர் பல்லாண்டு வாழ்க என்று போட, இன்னொருவர் பதினாறும் பெற்று என்று போட, சுந்தரமூர்த்தி சார் வேறு, சொல்லாமல் செய்துவிட்டாயே ராஜாங்கம், விருந்தாவது உண்டா என்று நைனாவைக் கேட்டிருக்கிறார். நெல் மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த நைனாவுக்கு அப்படித்தான் விஷயம் தெரிந்தது. அத்தனை சுமைக்காரர்கள் முன்னால்.

நான் சும்மா இருக்கவில்லை அக்கா. நீ சொல்லாதே என்றிருந்தாய், ஆனாலும் சொல்லிவிட்டேன். அது கல்யாணம் இல்லை, தேர்தல் என்று சொன்னேன். மாமா என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

'எலெக்ஷனா? எந்தக் கட்சி?'

கட்சி இல்லை என்றேன்.

'சின்னம் இன்னா?'

சின்னமும் இல்லை, பெயரைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்றேன்.

'கட்சி இல்ல, சின்னம் இல்ல, கொடி மட்டும் இருக்குது எங்கூட்டுல, கதை விடறதுக்கு' என்றார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளும் அழுதாள்.

ராகேஷ் அண்ணனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்துச் சொன்னேன். அவ்வளவுதான், 'இரண்டாந்தாரமா!' என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கத் திறக்க எல்லாம் மோசமாகிக்கொண்டே போகிறது.

எதிர்வீட்டு ஆனந்தராஜ் அண்ணன் மட்டும் நான் சொன்னதை நம்பினார். காலேஜ் எலெக்ஷன் என்று ஒன்று இருக்கிறது என்று நைனாவிடம் எடுத்துச் சொன்னார். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் படித்த காலத்தில் அதில் இரண்டு பேர் மண்டை உடைந்ததையும் சேர்த்துச் சொன்னார். இப்போது நைனாவுக்கு இரண்டு பயம். கல்யாணமாக இருக்குமோ என்று ஒன்று, எலெக்ஷனாக இருக்குமோ என்று ஒன்று.

மாமா மேல் கோபப்படாதே. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பலாம் என்று நைனாவைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். 'என் அக்கா பொண்ணு, நான் பொறுப்பு' என்று மண்டிக்கே போய்ச் சொன்னவர். இப்போது கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், மருமகள் பிளெக்ஸ் அடிக்க ஆர்டர் வரலையா தனகோட்டி என்று கேட்கிறார்களாம். கோட்டைக்கு இப்போது வெளியூர்க் கூட்டம் அதிகம், கடையில் வரவேற்பு பேனர் வேலை நிறைய இருக்கிறது. ஆனாலும் அவர் பாதி நாள் ஷட்டரை இறக்கிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் என்னைப் பள்ளியில் விடுவதும் அவர்தான், சாயங்காலம் கூட்டி வருவதும் அவர்தான். வண்டியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டிலும் யாரும் என்னிடம் பேசுவதில்லை. உனக்கு உடந்தை என்று நினைக்கிறார்கள். சாப்பிட்டியா என்று கேட்க ஆளில்லை. தட்டு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது.

நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. நேற்று எல்லோரும் வெளியே இருந்தபோது என்னைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். 'ஏம்மா, இதுல சிரிக்கிறாளே, அங்க இப்படித்தான் சிரிச்சிக்கினு இருக்கிறாளா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். அவர் கேட்டது கோபத்தில் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் மாமா சொல்வதற்கு எதிராக அவர் எதுவும் சொல்வதில்லை.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன்.

உன்னிடம் நேராகக் கேட்கலாம் என்று அம்மா சொன்னாள். கேட்டால் உஷாராகிவிடுவாள், அப்படியே எங்காவது போய்விடுவாள், முதலில் ஆளை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று உனக்குப் போன் வரும். நாளை சாயங்காலம். நீ ராத்திரியே ரயில் ஏறிவிடுவாய் என்று அவர்களுக்குத் தெரியும். சென்னை சென்ட்ரலுக்கு மாமாவே கார் எடுத்துக்கொண்டு வருவார். வீட்டுக்குக் கூட்டி வரமாட்டார். சீயமங்கலத்தில் மாமியின் அம்மா வீட்டுக்குப் போவீர்கள். மாமியின் தம்பி இளவழகன் ஜேசிபி வைத்திருக்கிறார், உன்னைப் பற்றி எல்லாம் தெரிந்தும் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று சொல்லிவிட்டாராம். அதை மாமி பெரிய தியாகம்போல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த முகூர்த்தம் வரை உன்னை அங்கேயே வைத்திருப்பார்கள். படிப்பைப் பற்றிக் கேட்டேன். 'படிச்சவரைக்கும் போதும்' என்றார் மாமா.

நாளை ராத்திரிதான் வேட்பாளர்கள் எல்லோரும் மேடை ஏறிப் பேசுகிற நாள் என்று நீ சொல்லியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ஓட்டு. பெண்கள் விடுதிக் கதவை மட்டும் ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள், ஆய்வகத்தில் பாதி வேலையை அடுப்பில் பால் வைத்ததுபோல் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது, அதைக் கேட்கத்தான் நிற்கிறேன் என்றாய். பொம்பளைங்க நின்றால் கடைசி நேரத்தில் வீட்டிலிருந்து போன் வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று எதிர் அணியில் சிரிக்கிறார்கள் என்றும் சொன்னாய். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் போன் நம் வீட்டிலிருந்தே வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் போனைப் பேசப் போவது நான்தான் அக்கா.

மாமா பேசினால் நீ நம்ப மாட்டாய், நைனாவுக்குப் பொய் வராது, அதனால் நான் பேச வேண்டுமாம். இன்று சாயங்காலம் என்னை உட்கார வைத்துப் பழக்கினார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். 'பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்குது. அழுவு. அழுதாத்தான் அவ கிளம்புவா' என்றார். முடியாது என்றேன். முடியாது என்றால் உன் பள்ளிக்கூடமும் இதோடு நின்றுவிடும் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. 'ம், இப்ப கரெக்ட்டு. நாளைக்கும் இப்படியே சொல்லு' என்றார். அம்மா பக்கத்தில் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய்யாகப் படுக்க ஆரம்பித்தவள், இன்று உண்மையாகவே ஒன்றும் சாப்பிடவில்லை.

அதனால் நாளை நான் அழுவேன். அந்த அழுகை பொய்யாக இருக்காது. சொல்வது மட்டும்தான் பொய். நீ வரக் கூடாது. நான் எவ்வளவு கெஞ்சினாலும் வரக் கூடாது.

ஆனால் போனில் வரமாட்டேன் என்று சொல்லிவிடாதே. கடிதம் கிடைத்தது என்று காட்டிக்கொள்ளாதே. ஸ்பீக்கரில்தான் போட்டிருப்பார்கள், எல்லோரும் சுற்றி நிற்பார்கள். நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் ரூபினா வீடு வரைக்கும் போவார்கள். அவள் அண்ணன் ஜுபைருக்கும் மாமாவுக்கும் ஏற்கெனவே கடை விஷயத்தில் மனத்தாங்கல். நீ பதறுவதுபோல் பேசு. எந்த ஆஸ்பத்திரி என்று கேள். கிளம்பிட்டேன், வரேன்டி என்று சொல். சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டு மேடைக்குப் போ. ரயிலில் இருக்கிறாய், சிக்னல் இல்லை என்று இவர்கள் வெள்ளிக்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் ஓட்டு முடிந்துவிடும். பிறகு நீயே மண்டிக்குப் போன் செய்து நைனாவிடம் பேசு. மாமா பக்கத்தில் இல்லாத இடத்தில் அவர் கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ராகேஷ் அண்ணனின் மனைவியையும் இரண்டு வார்த்தை பேசச் சொல். இந்தியாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பெண் குரல் கேட்டால் போதும்.

வரேன்டி என்று நீ சொல்லும்போது, அந்தக் கூடத்தில் அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் அது பொய் என்று தெரிந்திருக்கும். தெரிந்தே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நின்றுவிடுவேன். ஆனால் ஒரு முறைதான் சொல்ல வேண்டும் அக்கா. இரண்டாவது முறை சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

அதன் பிறகு இங்கே என்ன நடக்கும் என்று நீ யோசிக்காதே. என்னை அடிக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும், டீச்சர்கள் யாராவது வந்து கேட்பார்கள். நீ அதையெல்லாம் மேடையில் நினைத்துக்கொண்டு நின்றால் பேச்சு குழறும். வெந்நீர் குடி. நீ வேகமாகப் பேசுகிறவள், நிறுத்தி நிறுத்திப் பேசு. உன் முறை வரும் நேரத்தில் நான் இந்த அறையில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒன்றும் கேட்காது, ஆனாலும் உட்கார்ந்திருப்பேன்.

தோற்றுப்போனாலும் பரவாயில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று மட்டும் அவர்கள் சொல்லக் கூடாது. மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். அமாவாசைக்கு என்னைத் தனியாக அனுப்பமாட்டார்கள், அதனால் மனசுக்குள்தான். நீ ஜெயித்துவிட்டு வா அக்கா. இல்லை, வா என்று எழுதக் கூடாது. ஜெயித்துவிட்டு அங்கேயே இரு. சிரித்துக்கொண்டு இரு. நைனா கேட்டால் நான் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றி ஒன்றும்... அக்கா, ஒன்றே ஒன்று மட்டும் கேட்கலாமா, நீ அங்கே தலைவரான பிறகு, உங்கள் விடுதியில் யாராவது ஒரு தங்கை வந்து தங்கிப் படிக்க முடியுமா என்று

கதவைத் தட்டுகிறார்கள்.