எதிரே பத்து சென்ட்

ஜூன் 11, புதன்

தேதி பதினொன்று. பின்பக்க வீட்டு வாடகை இன்னும் வரவில்லை. ஐந்தாம் தேதி என்று பேசியது போன அக்டோபரில். அதற்குப் பிறகு ஒரு மாதமாவது ஐந்தாம் தேதி வந்ததுண்டா? பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு.

அங்கே குடியிருக்கும் கபிரியேல் காலை ஷிஃப்டுக்குக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது கேட்டில் பிடித்துக் கேட்டேன். "காண்ட்ராக்டர் இன்னும் தரல சார். தந்த அன்னைக்கே கொண்டாந்துருவேன்." மாதாமாதம் இதே வாக்கியம். தலையைச் சொறிவதுகூட அதே இடத்தில்.

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் இல்லாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாதா? எரியும். டியூஷன் இருக்கிறது, வயலில் கொஞ்சம் நெல் இருக்கிறது. ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இல்லையா? எம்.ஏ. படித்துவிட்டு இருபத்திரண்டு வருடம் பாரலல் காலேஜ் என்னும் தனியார் டுடோரியலில் பாடம் நடத்தினேன். ஒரு வகுப்புக்கும் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனதில்லை. அதற்கு எனக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை.

ஜூன் 12

ஆனந்தியிடம் புலம்பினேன். இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "உங்குளுக்கு வாடகை வேணுமா, திட்டறதுக்கு ஒரு ஆளு வேணுமா?"

செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

வந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பதின்மூன்று, எல்லாம் கசங்கி. கூடவே அவன் மனைவி டின்சியும் வந்தாள்.

"கூகுள் பே வாங்குனா சுலபம்ல சார்? ஏ.டி.எம்.மைத் தேடி இவரு வாளையார் வரைக்கும் போறாரு."

"ரொக்கம்தான்" என்றேன். போனில் வந்தால் அது பதிவு. பதிவு ஒரு நாள் சாட்சி சொல்லும். ரசீதும் தருவதில்லை. வாடகை ஒப்பந்தமும் எழுதவில்லை. முன்பணம், வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். என் வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று என் கையால் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன். பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று எதிரே பார்க்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

பின்பக்கம் போனால் பழைய பெயின்ட் பக்கெட்டில் பேஷன் ஃப்ரூட் கொடி. வாடகைக்கு இருப்பவர்கள் எதுவும் நடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

டின்சி சிரிக்கிறாள். "மண்ணுல வைக்கல சார், பக்கெட்டுல இருக்கு. போகும்போது தூக்கிட்டுப் போயிருவோம். கேசு நிக்காது."

யாரோ இவளுக்கு எங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டுமா? எதிர் வீட்டு அப்புசாமிதான்.

ஜூலை 9

மழை. வாடகை வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

இன்று வாடகை வந்தது. கூடவே ஒரு கோரிக்கை.

கபிரியேலின் தாய் செபமாலையம்மாள் இடுக்கியில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், ஒற்றை அறையில்தான் இன்னும் இருக்கிறார். அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி. அந்தப் பணம் இல்லாமல் எங்கே போவது? எங்கும் போகாததால் பணமும் இல்லை. நல்ல ஏற்பாடு.

"இப்ப ஒரு வழி வந்திருக்கு சார். ஆகஸ்ட் பதினாலுக்குள்ள எழுதிக் குடுக்குறவங்களுக்கு முதல் லிஸ்ட்ல பணம். அதை விட்டா அடுத்த லிஸ்ட் எப்பன்னு யூனியன்காரனுக்கே தெரியாது. எங்க போயி இருக்கப்போறாங்கன்னு காட்டணும். வீட்டுக்காரரோட சம்மதபத்திரம் வேணும். 'இவங்க என் வீட்டுல தங்கிக்கலாம்'னு ரெண்டு வரி. அம்மையைக் கூட்டிட்டு வந்துருவேன்."

எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றே முக்கால் லட்சம். இரண்டு வருடமாக அந்த அம்மாள் இந்தப் பணத்துக்குக் காத்திருக்கிறார். இந்தப் பிள்ளை என்னை இரண்டு வாரம் காக்க வைக்கிறான்.

"முதல்ல வாடகையை ஐந்தாம் தேதி கொண்டு வா. அப்புறம் கடிதத்தைப் பேசலாம்" என்றேன்.

தலையைச் சொறியாமல் போனான்.

ஜூலை 22

தூக்கம் சரியில்லை. இரண்டு வரி. அதே இரண்டு வரிதான்.

என் தாத்தா ஒரு தாளில் எழுதினார்: 'இவர் என் தோட்டத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிறார்.' அப்புசாமியின் அப்பனுக்கு ரேஷன் கார்டு வாங்க. யாரும் கேட்கவில்லை, தாமாகவே எழுதிக் கொடுத்தார். அப்புறம் கேரளத்தில் குடிகிடப்புச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசையில் இருப்பவனுக்கு, குடிசையும் சுற்றிப் பத்து சென்ட்டும் சொந்தம். குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தாத்தாவின் தாள் போய் டிரிப்யூனல் மேசையில் உட்கார்ந்தது.

எனக்கு ஆறு வயது. சர்வேயர் சங்கிலி பிடித்தார். அப்பா வெற்றிலைகூடப் போடாமல் நின்றார். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்ததிலேயே நல்ல மண் அது, கிணறோடு.

இப்போது அங்கே மாடி வீடு. மகன் ஷார்ஜாவில். காலையில் நான் பல் தேய்க்க வந்தால் அப்புசாமி மாடியில் நின்று செய்தித்தாள் படிக்கிறான். அவனோடு நான் பேசி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் எழுதுவேனா?

ஜூலை 27

சந்தீப்புக்குப் போன் செய்தேன். என் மாணவன், பாலக்காட்டில் வக்கீல். விஷயத்தைச் சொன்னதும் போனைத் தள்ளி வைத்துச் சிரித்தான். எனக்குக் கேட்டது.

"சார், அதெல்லாம் எழுபதுல குடிசைல இருந்தவாளுக்கு. வாடகைக்கு வந்தவாளுக்கு இல்லை. இப்ப ஒண்ணும் எழுதாம இருக்கேளே, அதான் ஆபத்து. லெட்டர் குடுங்கோ. ஒண்ணும் ஆகாது."

சட்டம் தெரிந்தவன். நானும் படித்தவன்தான், எனக்கும் அது தெரியும். தெரிவதற்கும் கை எழுதுவதற்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கபிரியேல். கையில் உறை. ஆறாயிரத்து ஐந்நூறு, கசங்காத தாள்கள்.

"அஞ்சாந்தேதி சார்" என்றான், பரீட்சையில் பாஸான பையனைப் போல.

எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். கடிதம் எழுதி வைக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 7

எழுதவில்லை. தாளை எடுத்தேன், பேனாவை எடுத்தேன், 'சம்மதபத்திரம்' என்று தலைப்பு மட்டும் எழுதினேன். தாளை மடித்து அகராதிக்குள் வைத்தேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே.

ஆகஸ்ட் 9, சனி

பால் சொசைட்டியில் வரிசை. எனக்கு முன்னால் அப்புசாமி. திரும்பிப் போய்விட நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டான்.

"என்னுங் சின்னப் பண்ணாடி, இந்த மாசம் வாடகை கரெக்டா வந்துருச்சுங்களா?"

பண்ணாடி! பண்ணையார் என்று என் தாத்தாவை அவன் அப்பன் கூப்பிட்ட சொல். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"உனக்கென்ன அதைப் பத்தி?"

"கேக்கறதுக்கு எனக்கும் பாத்தியதை இருக்குதுங். காசு என்ற ஊட்டுக் காசுங். அந்தப் பையன் ஒண்ணாந்தேதி வந்து நின்னானுங். 'அஞ்சாந்தேதி குடுத்தாத்தான் சாரு எழுதிக் குடுப்பாராம்'னான். போன மாசம் காண்ட்ராக்டர் பாதிச் சம்பளந்தான் குடுத்தான், வாடகைல பாதி நான் குடுத்ததுதானுங். சம்பளம் வந்த அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவான், நல்ல பையன். காண்ட்ராக்டர் பதினெட்டாந்தேதி குடுத்தா அவன் எங்க போவான், சொல்லுங்."

காது எரிந்தது. இத்தனை நாளாக என் கைக்கு வந்த நோட்டு அந்த வீட்டிலிருந்து சாலையைக் கடந்து வந்ததா?

"ஊரை ஏமாத்தி வாங்கின மண்ணுல உக்காந்துட்டு தருமம் பண்றயா?" என்று கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாலும்.

அவன் சிரிப்பு நின்றது. கேனைக் கீழே வைத்தான். "ஏமாத்தலீங்க. உங்க தாத்தன் எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டை எங்கப்பன் கோர்ட்டுலிருந்து திருப்பி வாங்கி, சாகற வரைக்கும் சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தாரு. என்ன கையெழுத்துங்க அது! அந்த மனுசனைப் பத்தி எங்க ஊட்டுல ஒருத்தரும் ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. நீங்கதான் அவரை முட்டாளாக்கறீங்."

பால் ஊற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். ஆனந்தி கேனைத் திறந்து பார்த்தாள். மூடி அடுக்களைக்கு எடுத்துப் போனாள்.

ஆகஸ்ட் 10

கபிரியேல் வாசலில் நின்றான். "சார், அந்த லெட்டர்…"

"யார்கிட்ட காசு வாங்கினயோ அவன்கிட்டயே லெட்டரும் வாங்கிக்கோ."

சொன்னேன். நான்தான் சொன்னேன். கதவையும் நான்தான் சாத்தினேன்.

ஆகஸ்ட் 12

அப்புசாமியின் காசை வைத்து நான் நெல்லுக்கு உரம் வாங்கியிருக்கிறேன். அதைத் திருப்பித் தர முடியாது. தரவும் தோன்றவில்லை.

தாத்தா முட்டாள் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அவருடைய கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அவர் எழுதியது ஒன்றும் மிச்சமில்லை. அப்பா எரித்துவிட்டார். இருப்பது எதிர் வீட்டில் மட்டும்.

ஆகஸ்ட் 14

இன்று கடைசி நாள். எழுதவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

எழுதினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து. மூன்று தாள் வீணானது. 'எலப்புள்ளி பஞ்சாயத்தில் உள்ள எனது வீட்டில் கபிரியேலும் அவர் தாயார் செபமாலையம்மாளும் குடியிருக்க எனக்கு முழுச் சம்மதம்.' கையெழுத்து. தேதியை மட்டும் 14 என்று போட்டேன். இரண்டு நாள்தானே, யூனியன்காரர்களிடம் பேசினால் வாங்கிக்கொள்வார்கள்.

பின்பக்கம் போனேன். டின்சி சட்டி பானைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கபிரியேல் கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தான்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா பதிமூணாந்தேதியே லெட்டர் குடுத்தாச்சு சார். அப்புசாமி அய்யா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அவரு மாடி சும்மாதான் கெடக்குதாம். அடுத்த ஞாயிறு மாறுறோம். உங்ககிட்ட இன்னைக்குச் சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

"ரெண்டு நாள்தானே லேட்டு" என்றேன். ஏன் சொன்னேன்?

டின்சி நிமிர்ந்தாள். "ஆமா சார். நாங்க லேட்டா வந்தா நீங்க கேட்டுல நிப்பீங்க. நீங்க லேட்டா வந்தா நாங்க காப்பி தருவோம். உக்காருங்க." கிண்டல்தான். காபி மட்டும் உண்மை. ஏலக்காய் போட்டது.

கபிரியேல் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாறிவிட்டார்கள். கட்டிலைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். சாலையைக் கடந்தால் வீடு, வண்டி தேவைப்படவில்லை. முன்பணத்தில் கரண்ட் பில் நூற்று எண்பதைக் கழித்துக்கொள்ளச் சொன்னான். முழுதாகக் கொடுத்தேன். ஆனந்தி பின்பக்கத்தைக் கூட்டிவிட்டு வந்து, "சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கல பாருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 28

இரண்டு பேர் வீடு பார்க்க வந்தார்கள். ஒருவன் வங்கியில் வேலை, ஒன்றாம் தேதியே போட்டுவிடுவானாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசனை?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பத்து மணி இருக்கும். ஒரு பிக்கப் வண்டி வந்து எங்கள் கேட்டில் நின்றது. தகரப்பெட்டி, ஒரு நாடாக் கட்டில், அம்மி, துணி மூட்டைகள். முன் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். கட்டை குட்டையான உடம்பு, விரல்களில் இன்னும் போகாத கொழுந்துக் கறை. கம்பம் தேனி சுற்றி, கோவிந்தாபுரம் வழியாக விடிய விடிய வந்திருக்கிறார்கள்.

"தம்பி, கபிரியேலு வீடு இதுதான? ராசசேகர் சாரு வீடுன்னு முன்னமே தாள்ல எழுதி வாங்கி வச்சிருந்தேன்."

எதிர் வீட்டு மாடி பூட்டியிருந்தது. கபிரியேலும் டின்சியும் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். வண்டி மத்தியானம்தான் வரும் என்று நினைத்திருப்பார்கள்.

"நான்தான் ராஜசேகர்."

அந்த அம்மாள் இரண்டு கையையும் குவித்தார். "நீங்கதானா சாரு? நல்லாருப்பீக. எத்தனை பேரு காலைப் புடிச்சிருக்கேன் தெரியுமா? ரெண்டு வருசம். நீங்க எழுதிக் குடுத்த தாளைக் காட்டித்தான் சாவியவே வாங்கிக்கிட்டாக. பாஸ்புக்குல ரூவா ஏறிருச்சு சாரு."

வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனந்தியும் வாசலுக்கு வந்துவிட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாரும் வந்து திருத்தப்போவதில்லை. கபிரியேல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அவன் சொல்லவும் மாட்டான்.

"நான் எழுதிக் குடுக்கலைங்க" என்றேன். "எழுதிக் குடுத்தது எதிர் வீட்டுக்காரர். அப்புசாமின்னு பேரு. உங்க பையன் இப்ப அங்கதான் இருக்கான்."

அவருக்குப் புரியவில்லை. கூப்பிய கையை இறக்கலாமா என்று தெரியாமல் நின்றார். வண்டிக்காரன் கட்டிலை இறக்க ஆரம்பித்தான். நான் தகரப்பெட்டியைத் தூக்கினேன். கனம். முப்பத்தெட்டு வருடம் அதற்குள் இருந்திருக்கும்.

சாலையைக் கடந்தோம். கேட்டைத் திறக்கத் தெரியவில்லை எனக்கு. தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. அப்புசாமி வந்து திறந்தான். என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கிண்டல் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அந்த நெழல்ல வெய்யுங்க. மழை வந்தாலும் நனையாது" என்றான். பிறகு உள்ளே திரும்பி, "ரெண்டு காபி" என்றவன் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு "மூணு" என்றான்.

நின்றுகொண்டே குடித்தேன். கிணற்றுக்கு வலை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடு முழுதாகத் தெரிகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. மழை நின்றதும் பூச வேண்டும்.