நடு மூங்கில்

30 மார்ச், ஞாயிறு

எதிர் பில்டிங் மராட்டி மாமி சுமன் காகுவின் கண்ணுக்குத் தப்பத்தான் டெரஸ் ஓரமாக நீல டிரம்களில் மூங்கில் வளர்த்தேன். என்ன உலர்த்துகிறேன், என்ன சமைக்கிறேன், எல்லாம் அங்கிருந்தே கேட்பாள். இந்த வருஷம்தான் மூங்கில் தட்டி மாதிரி அடர்ந்து, நிம்மதியாக இருந்தது.

இன்று மராட்டிக்காரர்களின் புத்தாண்டு. காலையில் காகுவே எங்கள் வாசலில் நின்றாள். ஜன்னலில் குடீ என்கிற பண்டிகைக் கொடியைக் கட்டி ஏற்ற வாங்கிய கம்பு பிளந்துவிட்டதாம். "ஏக் பாம்பூ மிலேகா க்யா?" நாளும் கிழமையுமாக ஒரு மூங்கில் கேட்பவளிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஓரத்தில் ஒன்றை வெட்டப் போனேன். அவள் நட்டநடுவில் நேராக நின்றதைக் காட்டினாள். அதையே வெட்டிக் கொடுத்தேன்.

மாலை காப்பி குடிக்கும்போது, அந்த இடைவெளியில் பட்டுத்துணியும் வேப்பிலையும் கவிழ்த்த செம்புமாகக் குடீ தெரிந்தது. என் மூங்கில்தான். காகு கையாட்டினாள். நானும் டம்ளரைத் தூக்கிக் காட்டினேன்.

"அவா பாக்கப்படாதுன்னு வெச்சுட்டு, அவாளுக்கே வெட்டிக் குடுத்தியா?" என்று இவர் சிரித்தார். "டிரம்மைக் கொஞ்சம் திருப்பி வெச்சா சந்து மறைஞ்சுடும்."

"வேண்டாம், கனம். உங்க முதுகு தாங்காது" என்றேன்.

டிரம்முக்கு அடியில் சக்கரம் இருக்கிறது. மாட்டியதே இவர்தான்.