லிஃப்ட் குழியில் கிடைத்த கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் கட்டும் கட்டிடத்தில் லிஃப்டுக்குக் குழி தோண்டும்போது, ஓரம் கூராகச் செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அரை நாள் லீவு போட்டு அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அதிகாரியம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மனுஷன் செதுக்கின கல்லுதான், ஆதிகாலத்து ஆயுதமா இருக்கலாம். ஆனா எந்த மண்ணுல கிடந்துச்சுன்னு நேர்ல பார்க்காம சான்று தர முடியாதுப்பா."

ஓடி வந்து, குழியை ஒரு நாள் விட்டுவைக்கும்படி மேஸ்திரியிடம் கெஞ்சினேன்.

"ஒரு கல்லுக்காக வேலையை நிறுத்தவா?" என்றவர், அன்றே கான்கிரீட் போடச் சொல்லிவிட்டார். குழாயைப் பிடித்து ஊற்றியது நானேதான். வயிறு எரிகிறது, அம்மா. கவலைப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கல் என் தலைமாட்டில் இருக்கிறது. அது ஆதிகாலத்துக் கல் என்று அறையில் யாரும் நம்பவில்லை. தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள். கூடவே, நீங்களாவது நம்புவதாக நாலு வரி எழுதுங்கள்.

வேலைக்குக் கூட்டிப் போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் கடைக்குட்டி