பதிகத்தில் நுழைத்த கயிறு

அத்தானுக்கு,

இல்லை, நீங்கள் சாமியைக் கேட்டதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து மாரியாயி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டுங்களா, ஐயா?" என்றாள். நீங்கள் சாமி உத்தரவு கேட்கக் கண்ணை மூடிப் பதிகப் புத்தகத்தில் கயிறு நுழைத்து, அது விழுந்த பக்கத்தைப் படித்து, "சாமி பயப்படாதேன்னு சொல்லுது. லயத்துக்குப் போ" என்றீர்கள்.

ஒரு நம்பிக்கை வாழ்க்கையில் என்ன செய்கிறதோ அதுதான் அதன் உண்மை என்று கொழும்பில் சேர்ந்தே படித்தோம். அதை வைத்தே என் வாயை அடைத்தீர்கள். "அவ சிரிச்சுக்கிட்டுப் போனா, பாத்தியா? பாட்டு பலிச்சிருச்சு."

அவள் சிரித்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குமா? அதைப் பார்க்காமலே ரயில் ஏறிவிட்டீர்கள்.

அந்தப் பக்கத்தை நானும் படித்தேன். பயப்படாதே என்றுதான் இருக்கிறது. லயத்துக்குப் போ என்பது நீங்கள் சேர்த்தது. தன் மூத்த பிள்ளை செத்த ஆசுபத்திரியைத் தவிர மாரியாயிக்கு வேறு எதிலும் பயமில்லை. அதையாவது கேட்டீர்களா?

இன்று புத்தகத்தோடு எல்கடுவ போனேன். அதே பக்கத்தை அவளுக்கு வாசித்தேன். "பயப்படாம வா" என்றேன். பிள்ளையை மாத்தளை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் மனைவி