தரையில் ரெண்டு பொட்டு

நாள் 41 — 06:10
நிலவின் மறுபக்கம், சிப்பி ஆய்வு நிலையம். பணியில் ஒருவர்: மு. போதும்பொண்ணு, வானொலி வானியல், வயது 34.
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. கரியமில வாயு 0.6 சதவீதம். அலைவாங்கிகள் அறுபத்து நான்கில் அறுபத்தொன்று வேலை செய்கின்றன. கிடங்கு அறையின் அளவுமானி மட்டும் 39ஆம் நாளிலிருந்து அழுத்தம் சுழியம் என்று காட்டுகிறது. பூமியில் கேட்டால் மானிதான் பழுது, அறை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பது நான், அறையின் நலம் தெரிவது அவர்களுக்கு. நல்லது. எனக்கு அங்கே வேலை இல்லை.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் ஒரு வேண்டுகோள். விண்வெளி உடுப்பில் பெயர் அச்சடிப்பவரை நாலு எழுத்தோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். என் நெஞ்சில் ‘போதும்பொ’ என்று இருக்கிறது. இந்தப் பெயரால் பட்டதே போதும்.

நாள் 43 — 12:20
முதல் காற்று வடிகட்டி நின்றுவிட்டது. விசிறி சுற்றுகிறது, காற்று சுத்தமாகவில்லை. நான்கு முறை கழற்றி மாட்டினேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கரியமில வாயு 1.1.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துணைக்கோள் தலைக்கு மேல் வரும். நாற்பது நிமிடம் பேசலாம். அப்போது இந்தக் குறிப்பேடும் தானாகவே பூமிக்குப் போய்விடும். மறுமுனையில் எப்போதும் வத்சலாதான். ஒன்றரை வருடம் எனக்குக் குரல் வழியாகவே பயிற்சி கொடுத்தவர். நேரில் பார்த்ததில்லை.

வத்சலா: “பதறாதீங்க. மீட்புக் கலத்தை முன்னாடியே அனுப்பறோம். ஐம்பத்து மூணாம் நாள் காலையில உங்க வாசல்ல நிக்கும்.”

பத்து நாள். ஒற்றை வடிகட்டி. சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்குமா?

நாள் 45 — 18:05
கரியமில வாயு 1.4. இரண்டாவது வடிகட்டி திணறுகிறது. அதைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லிவிட்டு வத்சலா இன்னொன்று கேட்டார்.

வத்சலா: “உங்க பேருக்கு என்னங்க கதை?”

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. பிறந்ததும் எங்க அம்மா சீனியம்மாள், ‘இவ ஒருத்தி போதும் எனக்கு’ என்று பூரித்துப்போய் வைத்த பெயர்.

 

வத்சலா: “அது பூரிச்சுப்போய் வைக்கிற பேர் இல்லீங்க. பொண்ணு மேல பொண்ணா பிறந்தா, சாமி இதோட போதும்னு வைக்கிற பேர். மூணாவதுக்கு வைப்பாங்க, நாலாவதுக்கு வைப்பாங்க. தலைச்சன் பிள்ளைக்கு யாருமே வைக்கமாட்டாங்க.”

எனக்குத் தெரியாதா இது? பள்ளிக்கூடத்தில் டீச்சரே கேட்டிருக்கிறார், உங்க அக்காமாரெல்லாம் எந்த வகுப்பு என்று. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்வதுதான் கதை. அப்பா முத்தையா வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். வடிகட்டியைப் பாருங்கள் என்றால் இந்தம்மா என் சாதகத்தைப் பார்க்கிறார்!

நாள் 47 — 12:15
கரியமில வாயு 1.9. தலை விண்விண் என்று தெறிக்கிறது.

இரண்டு நாளைக்கு ஒரு குடும்பச் செய்தி அனுமதி. சும்மா இருந்த சங்கை ஊதிவிட்டார் வத்சலா, மனசு கேட்கவில்லை. சாத்தூரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன்: எனக்கு முன்னாடி உனக்குப் பிள்ளை பிறந்துச்சாம்மா?

அம்மா: “எவடி உனக்கு அதைச் சொன்னது? போன இடத்துல வேலையைப் பாக்காம ஊர்க்கதை கேக்குதியோ?”

பதினோரு தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. எவள் சொன்னாள் என்றுதான் கேட்கிறாள்.

இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அம்மா கிண்ணத்தில் விரலை முக்கி, முதலில் தரையில் ரெண்டு பொட்டு வைப்பாள். பிறகுதான் என் உச்சந்தலையில். எதுக்கும்மா என்றால், பூமாதேவிக்கு என்பாள். பூமாதேவிக்கு ஒரு பொட்டு போதாதா? அப்போது கேட்கத் தோன்றவில்லை. எனக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும்.

நாள் 49 — 06:30
கரியமில வாயு 2.6. விண்வெளி உடுப்பிலிருந்த வடிகட்டியைப் பிடுங்கி இங்கே மாட்டினேன். ஒன்பது மணி நேரம் உழைத்துவிட்டுச் செத்தது. உடுப்பும் போச்சு.

வத்சலா: “கிடங்கு அறைக்கு மாறிடுங்க. அங்க நாலு ரசாயன வடிகட்டி சுவரோட பதிச்சிருக்கு. சின்ன அறை, ஒரு ஆளுக்கு அஞ்சு நாள் தாங்கும். உள்ளே போய் கதவைச் சாத்திக்கோங்க.”

மானி சுழியம் காட்டுகிறதே என்றேன். மானி பழுது என்கிறார். எப்படித் தெரியும் என்றால், அங்கிருந்து வேறொரு கம்பி வழியாக அளவு வருகிறதாம். எனக்கு வராத அளவு. கதவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே காற்று இல்லை என்றால் இங்கே இருக்கிற கொஞ்சமும் ஒரே மூச்சில் போய்விடும்.

கணினியில் கிடங்கின் வரைபடத்தைத் தேடினேன். அது கிடைக்கவில்லை, ஆள் தேர்வுப் பட்டியல் கிடைத்தது. முப்பத்தொரு பேரில் நான் மூன்றாவது. முதல் இரண்டு பெயர்கள் மேல் கோடு. பக்கத்தில் வத்சலாவின் கையெழுத்து. என்னைவிடக் கெட்டிக்காரிகள் இருவரைத் தள்ளிவிட்டு என்னை எதற்கு எடுத்தார்? குடும்பச் செய்தியில் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், வத்சலா பெயரோடு.

நாள் 50 — 12:10
கரியமில வாயு 3.5. எழுத்து ரெண்டு ரெண்டாகத் தெரியுது. இணைப்பு வந்ததும் முதல் கேள்வியாவே கேட்டுட்டேன், யாருங்க நீங்க?

வத்சலா: “உங்க அம்மாவுக்கு மூணு பொண்ணு. தலைச்சன் நான். இருபதாம் நாள் தூக்கிக் கொடுத்துட்டாங்க. ரெண்டாவதுக்குப் பேர் வைக்கிறதுக்குள்ளேயே முடிஞ்சுபோச்சு. எப்படின்னு அவங்களைத்தான் கேக்கணும். மூணு வருஷத்துக்கு முன்னால சாத்தூருக்குப் போய் வாசல்ல நின்னேன். மூஞ்சில அடிச்சமாதிரி கதவைச் சாத்துனாங்க. உன்கூடப் பேசிட்டாவது இருக்கலாம்னுதான் உன்னை எடுத்தேன். தப்புதான். அதெல்லாம் கிடக்கட்டும். இப்ப நீ எழுந்திரு. கிடங்குக்குள்ள போ. கதவைச் சாத்து.”

ஒன்றரை வருஷம் நீங்க, வாங்க, போங்க. இன்னைக்குத் திடீர்னு நீ. எழுந்திரு, போ, சாத்து. எங்க ஊர்ல ஒருத்தர் மரியாதையைக் கைவிட்டா, சண்டைக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டார்னு அர்த்தம். தன் மூஞ்சில கதவைச் சாத்தினவ மகளை, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருன்னு சொல்றா. நான் கேணச்சிறுக்கியா?

நான் எழுதுறதையெல்லாம் அவ படிக்கான்னு தெரியும். படிடி. நல்லாப் படி.

நாள் 51 — 12:20
4.6. வாந்தி ரெண்டு தடவை.

அம்மா செய்தி வந்துச்சு. முழுசா எழுதி வைக்கேன்.

அம்மா: “தாயி, அவ பேச்சைக் கேக்காத. வாசல்ல நின்னு என்ன சொன்னா தெரியுமா? நீங்க வச்சிக்கிட்ட அந்த ஒண்ணை ஒருநாள் நான் எடுத்துக்கிடுவேன்னா. உன்னைக் கொன்னுபோடுவா. இருக்க இடத்துலயே இரு, அசையாத. நான் பாவிதான். உனக்குப் பொய் சொன்னவதான். ஆனா இது பொய்யில்ல. பெத்தவ சொல்லுதேன்.”

எங்க அம்மா அழுது நான் கேட்டதே இல்லை. அப்பா செத்தப்பகூட அழலை.

பின்னாலேயே வத்சலா கத்துறா.

வத்சலா: “அம்மா சொன்னது நிஜம், நான் அப்படிச் சொன்னேன். கோவத்துல சொன்னேன். எடுத்துக்குவேன்னா தங்கச்சியா எடுத்துக்குவேன்னு. கலம் வர இன்னும் ஒன்றரை நாளுக்கு மேல இருக்கு. அங்கேயே கிடந்தா நீ தாங்கமாட்ட. பத்தடிதான், போ பாப்பா.”

பாப்பாவாம். ஒருத்தி முப்பத்து நாலு வருஷம் பொய் சொன்னா. இன்னொருத்தி ஒன்றரை வருஷம். ரெண்டு பேரும் நல்லா இருங்க! உங்க சண்டைக்கு நடுவுல மூச்சு முட்டுறது எனக்கு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்து உட்கார வைக்கணும்.

முடிவு பண்ணிட்டேன். அசையாமப் படுத்துக்கிறேன். அசையலைன்னா காத்து மிச்சம். மயக்கத்துல கை தானாப் போய்த் திறந்துரக் கூடாதுன்னு, கிடங்குக் கதவுச் சக்கரத்தைக் கம்பி போட்டுக் கட்டியாச்சு. ஏழு சுத்து. முறுக்கி இறுக்கியாச்சு.

நாள் 52 — 18:40
6 க்கு மேல. மானியைப் பாக்க முடியலை
ஒண்ணு தோணுச்சு. அம்மா பேசுனது அவ கையைத் தாண்டித்தானே இங்க வரணும். அவ கேட்டுட்டுத்தான் அனுப்பணும். கொன்னுபோடுவான்னு அம்மா சொன்னதை வெட்டியிருக்கலாம். ஒரு சொல் வெட்டலை. அப்படியே அனுப்பியிருக்கா
கொல்லணும்னு இருக்கவ அதை அனுப்புவாளா
ஐயோ கிறுக்கி. கிறுக்கி நான்
கதவுகிட்ட வந்துட்டேன். தவழ்ந்துதான். கம்பி பிரியலை. ஏழு சுத்து எந்த மடச்சி போட்டது
ரெண்டு பிரிச்சாச்சு. விரல்ல ரத்தம், எண்ணெய் மாதிரி வழுக்குது
மூணு
அக்கா கேக்குதா நாலாவது

நாள் 53 — 05:40 — தானியங்கிப் பதிவு
மீட்புக் கலம் இறங்கியது. ஆட்கள் இருவர்.
முதன்மை அறை: கரியமில வாயு 8.1. ஆள் ஒருவர், கிடங்குக் கதவடியில். நாடி இல்லை.
கிடங்குக் கதவு: கம்பி ஐந்து சுற்று பிரிக்கப்பட்டிருந்தது. மீதி இரண்டைக் கலத்து ஆட்கள் வெட்டினர்.
கிடங்கு அறை: அழுத்தம் சரி. கரியமில வாயு 0.2. ரசாயன வடிகட்டிகள் நான்கு, பயன்படுத்தாதவை. அளவுமானிக் கம்பி அறுந்திருந்தது.

நாள் 53 — 06:25 — வந்த செய்தி
வத்சலா: “பாப்பா. நீ எழுதினது கடைசி வரைக்கும் படிச்சிட்டேன். படிடின்னு சொன்னியே, படிச்சிட்டேன். அக்கான்னு எழுதியிருந்த, அதையும் பாத்தேன். இன்னைக்குச் சாத்தூருக்குக் கிளம்புறேன். அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். இந்தத் தடவை கதவைத் திறப்பாங்க. எண்ணெய் தேய்க்கும்போது தரையில ரெண்டு பொட்டு வைப்பாங்கன்னு எழுதியிருந்தியே. அதுல ஒண்ணு நடுவுல போனவளுக்கு, இன்னொண்ணு எனக்கு வச்சதுதானே. நான் உயிரோட நிக்கிறேன், எனக்கு வேண்டாம்னு சொல்றேன். அதை உனக்கு வைக்கட்டும். ரெண்டு பொட்டே போதும்.”

பதில்: இல்லை.