நீங்கள் கரண்டி கேட்ட ஞாயிற்றுக்கிழமை

என் உயிராய் இருந்தவருக்கு,

நேற்று முனுசாமி வந்திருந்தான். வேலூர் உதைபந்துக் குழுவில் நீங்கள் கோல் காக்க, உங்களுக்கு முன்னால் நின்று ஆடியவன். நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காதவன், திடீரென்று வாழைப்பழச் சீப்போடு வந்தால் நான் என்னவென்று நினைப்பது?

"அண்ணி, கடைசி ஆட்டத்துல அண்ணன் வேணும்னு பந்த வுடல. அதுக்கு முன்னாடியே அவரு வலது கையில ரெண்டு வெரலு ஒடஞ்சிருந்துச்சு. தொரைக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவான்னு மறச்சிகினு ஆடினாரு."

"இத அப்பவே சொல்றதுக்கு உனக்கு என்னாடா?"

"எனக்கும் அதே தொரைதானே அண்ணி" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நான் நம்பவில்லை. கோட்டை மைதானத்தில் கூட்டத்துக்குள் பாய்ந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்ததைப் பார்த்துத்தானே குழுவை நடத்தும் துரை உங்களைச் சம்பளத்துக்கு எடுத்தார்? ஆறு வருஷம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்ற கை, மெல்ல உருண்டு வந்த பந்தை விடுமா? அன்று ஆட்டத்தில்தான் விரல் ஒடிந்ததென்று கட்டோடு வீட்டுக்கு வந்தீர்கள். அதையும் நடிப்பென்றார்கள். கிணற்றடியில் கன்னியம்மா இன்னும் கேட்கிறாள்: "அந்தப் பந்த வுடறதுக்கு உங்க வூட்டுக்காரரு எவ்ளோ வாங்கினாரு?" அவளோடு சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். இன்றுதான் உங்களிடம் சொல்கிறேன்.

முனுசாமி போனதும், விரத நாள் குறிக்க வைத்திருக்கும் என் நோட்டை எடுத்தேன். நானே எழுத்துக்கூட்டிக் கற்று, தினமும் நடந்ததைக் குறித்து வைப்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டத்துக்கு ஆறு நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் இப்படி இருந்தது: "விளக்கேற்றினேன். அவர் கைகூப்பவில்லை, தலையை மட்டும் குனிந்தார். சோற்றுக்குக் கரண்டி கேட்டார். என்னவோ மறைக்கிறார்."

"தொரைங்களோட பழகிப் பழகி வந்துடுச்சு" என்று சிரித்தீர்களே! வெள்ளைக்காரர் சாமியைக் கும்பிடப் போய்விட்டீர்களோ என்று பயந்தேனே தவிர, உங்கள் வலது கைமேல் போட்டிருந்த துண்டை விலக்கிப் பார்த்தேனா?

என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தைய வருஷம் கட்டைவிரல் ஒடிந்தபோது, இன்னொரு தரம் எலும்பு ஒடிந்தால் தறிக்கே திரும்ப வேண்டும் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கியவள் நான்தான். அப்போது நீங்கள் பழைய தறியில் உட்கார்ந்து பார்த்தபோது, பந்து கிழித்த உங்கள் உள்ளங்கையில் பட்டு இழையெல்லாம் சிக்கி அறுந்ததையும், ஒரே நாளில் தறியைவிட்டு எழுந்துவிட்டதையும் பார்த்தவளும் நான்தானே?

முனுசாமியை இன்னும் முழுதாக நம்பவில்லை. அந்தத் தலைகுனிவுக்குள் வேறென்ன இருக்கிறதோ. ஆனால் நோட்டில் இருப்பது என் கையெழுத்து.

நாளைக் காலை கிணற்றடியில் எல்லாரும் கூடியிருக்கும்போது அந்தப் பக்கத்தை உரக்கப் படிப்பேன். "என்னவோ மறைக்கிறார்" என்று எழுதிய வரியையும் விடமாட்டேன். உங்களை முதலில் சந்தேகப்பட்டது கன்னியம்மா இல்லை என்று அவளுக்கும் தெரியட்டும்.

துண்டை விலக்கிப் பார்க்காத உங்கள் மனைவி,
தனபாக்கியம்